ஒரு சவரனும் இரண்டு சவரனும்

சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு சிறுகதை எழுதினேன். அதில் ஒரு கடமான் சாகிறது. மலையடிவாரத்துக் கள்ளவேட்டைக்காரன் ஒருவன் அதைச் சுடுகிறான். குண்டு பட்ட மாத்திரத்தில் மான் சுருண்டு விழுகிறது. கதை மேலே போகிறது. அந்த மானின் சாவுக்கு நான் ஒதுக்கிய இடம் ஒரே ஒரு வாக்கியம். நல்ல வாக்கியம் என்றுதான் அப்போது எனக்குப் பட்டது. நண்பர் ஒருவர் அதை மட்டும் தனியாக எடுத்துச் சொல்லிப் பாராட்டவும் செய்தார்.

கதை வெளிவந்து ஒரு மாதம் கழித்து எனக்கு ஓர் இன்லண்டுக் கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற வனக் காவலர். கடிதம் சுருக்கமானது. "ஐயா, தங்கள் கதையைப் படித்தேன். நன்றாக இருக்கிறது. ஆனால் மான் அப்படிச் சாவதில்லை. வயிற்றில் குண்டு பட்ட கடமானை இரண்டு நாள் ரத்தத் துளியைப் பார்த்துக்கொண்டே தேடிப் போயிருக்கிறேன். மூன்றாம் நாள் ஓடைக்கரையில் கிடந்தது. தண்ணீருக்கு வந்திருக்கிறது. தங்கள் கதை மானுக்கு எந்த இடத்தில் குண்டு பட்டது என்று எழுதவில்லை. தங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. குண்டைப் பற்றியும் தெரியாது, மானைப் பற்றியும் தெரியாது. கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் ஐந்து முறை சுட்டிருக்கிறேன். ஐந்தும் அட்டைக்கு வெளியே போயின. "ஏன் தம்பி, சுடும்போது கண்ணை மூடிக்கிறே?" என்று ஹவில்தார் கேட்டார். என் துப்பாக்கி அனுபவம் அதோடு முடிந்தது. நம் நாட்டில் 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பதே பழங்கதை. இனி கற்றுக்கொள்ளவும் வழியில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடையில் எடைக்கு வந்த பழைய அமெரிக்க வேட்டைப் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடைத்தது. அதில் தொடங்கிய படிப்பு புத்தகங்களுக்குப் போய், முழுசாக ஒரு வருஷம் ஓடியது.

வேட்டை இலக்கியம் என்றால் நம் வாசகர்களுக்கு ஜிம் கார்பெட்டும் கென்னத் ஆண்டர்சனும்தான். அவர்களுடைய புலிகள் மனிதரைத் தின்கிறவை. அவற்றைச் சுடுவதற்கு யாரும் நியாயம் கேட்பதில்லை. அமெரிக்காவில் எல்க் என்னும் பெரிய மானைப் பற்றி எழுதிக் குவித்தவர்களின் நிலை வேறு. எல்க் யாரையும் தின்பதில்லை. இறைச்சிக்காகவும் கொம்புக்காகவும் மனிதன் தானே அதைத் தேடி மலையேறுகிறான். அதனால் அந்த இலக்கியத்தில் வீரத்தைவிட ஒரு கணக்கு வழக்கு அதிகமாக இருக்கிறது. எல்க்கைச் சுட எந்தக் குண்டு தகுந்தது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டு எழுத்தாளர்கள் ஒரு தலைமுறைக் காலம் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டையைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். அதை நான் துப்பாக்கி விஷயமாகப் படிக்கவில்லை. கதை சொல்லும் விஷயமாகவே படித்தேன்.

முதலில் எல்க் எது என்பதைத் தீர்த்துக்கொள்வோம். ஐரோப்பாவில் எல்க் என்றால், அமெரிக்கர்கள் மூஸ் என்று அழைக்கும் அகலக் கொம்பு விலங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் எல்க் வேட்டையைப் பற்றி நிறைய எழுதினார். அவர் எல்க் என்றது, இலங்கைத் தமிழர் மரை என்றும் நாம் கடமான் என்றும் சொல்லும் விலங்கை. நான் பேசுவது இவை இரண்டையும் அல்ல. ராக்கி மலைத்தொடரிலும் அதையொட்டிய மாநிலங்களிலும் திரியும் வாபிட்டி என்ற மான்தான் அமெரிக்கரின் எல்க். நன்கு வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். தோள் உயரம் 5 அடி. செப்டம்பர் மாதத்தில் அது குழல் ஊதுவதுபோல் குரல் கொடுக்கும். மரங்கள் அடர்ந்த செங்குத்தான சரிவுகளில் வாழ்கிறது. தோள் எலும்பு கனமானது. அடிபட்டாலும் மலையேறி ஓடிவிடும் பிடிவாதம் அதற்கு உண்டு.

இனி குண்டு. தோட்டா வேறு, குண்டு வேறு என்பதே எனக்கு இந்தப் படிப்பில்தான் விளங்கியது. பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் மருந்து, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. துப்பாக்கியை விட்டுப் பறந்து போவது குண்டு மட்டும். பழைய மாதிரி வேட்டைக் குண்டு ஈயத்தால் ஆனது. மேலே செம்புக் கலவை உறை போட்டிருக்கும். மூக்கில் மாத்திரம் உறை இல்லாமல் ஈயம் தெரியும். உடலுக்குள் புகுந்ததும் அந்த மூக்கு நசுங்கி நாய்க்குடைபோல விரிகிறது. விரிந்தால் காயம் அகலமாகிறது. ஆனால் அதிகமாக விரிந்தால் ஆழம் போகாது. தோள் எலும்பிலேயே சிதறி நின்றுவிடும். விரியாமலே போனால் தையல் ஊசிபோல ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும். மான் எங்கோ போய் மெதுவாகச் சாகும். அகலமும் வேண்டும், ஆழமும் வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது. குண்டைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் பிடிப்பதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நுரையீரலிலோ இதயத்திலோ குண்டு பட்டால்கூட மான் அந்த இடத்திலேயே விழுவது நிச்சயமில்லை. ரத்தம் வடிந்து மூளைக்கு மூச்சு அற்றுப்போக வேண்டும். அதற்குச் சில விநாடிகள் ஆகும். அந்தச் சில விநாடிகளில் அது நூறு கெஜம்கூட ஓடிவிடும். நான் எழுதிய "சுருண்டு விழுந்தது" மூளையிலோ முதுகெலும்பிலோ பட்டால் நடக்கும். என் கதையில் வரும் குடிகாரக் கள்ளவேட்டைக்காரனுக்கு அப்படிப்பட்ட குறி வாய்த்திருக்காது.

குண்டின் எடையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. அந்தக் கணக்கு எனக்கு மனசில் ஒட்டவில்லை. கிராமுக்கு மாற்றிப் பார்த்தபோது சட்டென்று பிடிபட்டது. சண்டையில் ஒரு கட்சிக்காரரின் குண்டு 130 கிரெயின், அதாவது 8.4 கிராம்; ஒரு சவரனுக்குக் கொஞ்சம் கூட. மற்றவர் விரும்பியது 250 கிரெயின், 16.2 கிராம், இரண்டு சவரன். முன்னது மெல்லியது, வேகமானது; விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் போகும். பின்னது தடியானது, நிதானமானது. ஒரு சவரனா, இரண்டு சவரனா என்பதுதான் வழக்கு.

ஒரு சவரன் கட்சிக்காரர் ஜாக் ஓகானர். அரிஸோனாவில் 1902-ல் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் துறைப் பேராசிரியராக இருந்தவர். அவர் முதலில் எழுதியது நாவல்கள் என்று தெரிந்ததும் எனக்குத் தனிப் பிரியம் உண்டாகிவிட்டது. 1930-ல் ஒன்று, 1938-ல் ஒன்று. பிறகு 'அவுட்டோர் லைஃப்' பத்திரிகையின் துப்பாக்கிப் பகுதிக்கு ஆசிரியரானார். 1972 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1925-ல் வெளிவந்த .270 வின்செஸ்டர் என்ற தோட்டாவை இவ்வளவு பிரபலமாக்கியது அவருடைய பேனாதான் என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

அவருடைய வாதம் எளிமையானது. குண்டின் எடை இரண்டாம் பட்சம். அது எங்கே படுகிறது என்பதே முதல் விஷயம். தோளை உதைக்காத துப்பாக்கியை மனிதன் பயமில்லாமல் சுடுகிறான். பயமில்லாமல் சுட்டால் குறி தப்பாது. குறி தப்பாவிட்டால் ஒரு சவரன் போதும். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை சுட்டவன் என்ற முறையில் இதன் உண்மையை நான் மறுப்பதற்கில்லை.

ஆனால் இந்த வாதத்தை அவர் எப்படி ஸ்தாபிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய கட்டுரைகளில் மனைவி எலினார் அடிக்கடி வருகிறார். கையில் 7 மில்லிமீட்டர் மௌசர், கணவரின்.270-ஐவிட அடக்கமான ஆயுதம். அந்த அம்மாள் அலட்டிக்கொள்ளாமல், தேவையான இடத்தில் சுடுகிறார், விலங்கு விழுகிறது. பெரிய துப்பாக்கிகளோடு மீசையை முறுக்குகிற ஆண்களுக்கு இதைவிட நல்ல பதில் உண்டா? இது நாவலாசிரியனுக்குத் தெரிந்த வித்தை. வாதத்தால் வெல்ல முடியாத இடத்தில் ஒரு பாத்திரத்தை உள்ளே அனுப்புவது. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. எலினார் நிஜமாகவே நன்றாகச் சுட்டவர். ஆனால் எலினாரைப் போலப் பொறுமையுள்ளவர்கள் எத்தனை பேர் நவம்பர் குளிரில் மலையேறுகிறார்கள்?

இரண்டு சவரன் கட்சிக்காரர் எல்மர் கீத். 1899-ல் பிறந்தவர். சிறு வயதில் ஒரு தீவிபத்தில் உடம்பு கருகி, இடது கை முறுக்கிக்கொண்டு, பிழைப்பது அரிது என்ற நிலையிலிருந்து மீண்டவர். மாடு மேய்த்தார், குதிரை அடக்கினார், ஐடஹோ மாநிலத்தில் சாமன் ஆற்றுப் பக்கம் பண்ணை வைத்திருந்தார். வெளியூரிலிருந்து வரும் வேட்டைக்காரர்களுக்குக் காடு காட்டும் வழிகாட்டியாகவும் பிழைத்தார். அவருடைய எழுத்தில் இலக்கணம் நொண்டும். தற்பெருமை ஏராளம். எல்க்குக்கு .33 அங்குல வகையில், 250 கிரெயினுக்குக் குறையாத குண்டு வேண்டும் என்பது அவர் கட்சி. எந்தக் கோணத்தில் பட்டாலும், பின்பக்கமாக ஓடும்போது பட்டாலும்கூட, உடல் முழுவதும் ஊடுருவி உயிர் நிலையை எட்ட வேண்டும் என்பார். அவர் விரும்பிய அளவை ஒட்டி 1958-ல் .338 வின்செஸ்டர் மாக்னம் கடைக்கு வந்தது. ஓகானரின் .270-ஐ, நரியைவிடச் சற்றுப் பெரிய கொயோட்டிக்குத்தான் அது லாயக்கு என்று அவர் கேலி செய்ததாகச் சொல்வார்கள்.

முதல் வாசிப்பில் நான் முழுக்க ஓகானர் பக்கம் இருந்தேன். நன்றாக எழுதுகிறவன் பக்கம் சாய்வது எழுத்தாளனுக்கு ஒரு பலவீனம். ஓகானரின் வாக்கியங்களில் வெயிலும் காற்றும் இருக்கின்றன. தம்மையே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்தவர். கீத்தைப் படிப்பது, கூடத்தில் உட்கார்ந்து விடாமல் பேசும் ஒரு பெரியப்பாவைச் சகித்துக்கொள்வது போன்றது. நாற்பது பக்கத்துக்கு மேல் ஒரே மூச்சில் முடியாது.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்று தட்டுப்பட்டது. ஓகானரின் கட்டுரைகளில் சுடுகிறவர் பெரும்பாலும் ஓகானர், அல்லது அவருக்கு வேண்டியவர். கீத்தின் கதைகளில் திரும்பத் திரும்பச் சுடுகிறவர் வேறு யாரோ. பணம் கொடுத்து வந்த ஆள். காலையில் மூச்சிரைக்க மலையேறி, மரங்களுக்கு நடுவே எல்க்கின் பின்பக்கத்தை மட்டும் பார்த்து, விடுமுறை முடிகிறதே என்ற பதற்றத்தில் விசையை இழுத்துவிட்ட ஆள். சுட்டது அவர், பொழுது சாயும் நேரத்தில் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியது வழிகாட்டி.

கீத்தின் பேர்போன தற்பெருமைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 600 கெஜ தூரத்தில் ஒரு மானைக் கைத்துப்பாக்கியால் வீழ்த்தியதாக எழுதினார். அமெரிக்காவே சிரித்தது. பொய்யர் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். 1979-ல் வெளிவந்த சுயசரிதைக்கு, 'அட, நான் அங்கே இருந்தேனய்யா!' என்று சண்டைக்கு நிற்பதுபோல் ஒரு தலைப்பு வைத்தார். நானும் சிரித்தவன்தான். ஆனால் கதையின் தொடக்கத்தைப் பாருங்கள்: அந்த மானை முதலில் காயப்படுத்தியது அவர் கூட்டிப்போன வேறொருவர். அது தப்பி மலைமுகட்டைத் தாண்டப் போகிறது. கீத் சுட்டது அதற்கப்புறம். பெருமையை உரித்துவிட்டுப் பார்த்தால் அடியில் இருப்பது ஒரு வனக் காவலரின் கதை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த இருவரும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லவில்லை. ஓகானருடைய கேள்வி, நன்றாகச் சுடுகிறவனுக்கு எந்தக் குண்டு போதும் என்பது. கீத்துடைய கேள்வி, மோசமாகச் சுடப்பட்ட மானுக்கு எந்தக் குண்டு வேண்டும் என்பது. ஒருவர் துப்பாக்கியின் இந்தப் பக்கத்தில் நின்று எழுதினார். மற்றவர் ரத்தத் தடத்தின் அந்தக் கோடியிலிருந்து எழுதினார். எடையில் வந்த வித்தியாசம் இதனால் வந்தது.

அப்படியானால் கீத் சொன்னதுதான் சரியா? அவருடைய கவலை சரி. மருந்து தவறு என்பது என் அபிப்பிராயம். கனத்த குண்டை வேகமாகத் தள்ளும் துப்பாக்கி தோளை உதைக்கிறது. வருஷத்துக்கு ஒரு வாரம் வேட்டைக்கு வரும் மனிதன் அந்த உதையை எதிர்பார்த்து, விசையை இழுக்கும்போதே கூசிக் குலுங்கிவிடுகிறான். மோசமாகச் சுடுகிறவனிடம் இன்னும் மோசமாகச் சுடவைக்கும் கருவியைக் கொடுத்தால் மானுக்கு என்ன லாபம்? மேலும், பின்பக்கத்திலிருந்தும் சுடலாம் என்று ஒரு குண்டு தைரியம் கொடுத்தால், பொறுத்திருக்க வேண்டியவனும் சுட்டுவிடுகிறான். இந்த இடத்தில் ஓகானர் சொல்வதே தர்மம்: உனக்கு அடங்கிய துப்பாக்கியை எடு, விலாப்புறம் திரும்பும்வரை காத்திரு, திரும்பாவிட்டால் சும்மா வா. சட்டமும் கீழ்வரம்பு மட்டும்தான் போடுகிறது. கொலராடோ மாநிலத்தில் எல்க்குக்கு 85 கிரெயினுக்குக் குறையாத, விரியும் தன்மையுள்ள குண்டு வேண்டும் என்று விதி. மற்றதெல்லாம் அவரவர் மனச்சாட்சிக்கு விட்டாகிவிட்டது.

ஆனால் ஓகானர் மீதும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தவறிப்போன குண்டுகளை அவர் மறைத்தவர் அல்ல, அவ்வப்போது ஒப்புக்கொள்கிறார். என்றாலும் பத்திரிகையை மூடி வைத்தபின் வாசகன் மனசில் நிற்பது சுத்தமாக விழுந்த மான்தான். ஒருவர் வாழ்நாளில் சுடும் எல்க்கை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைக்கொண்டு எந்தக் குண்டையும் நிரூபிக்க முடியாது. ஆகவே இந்த வழக்கு முழுவதும் கதைகளின் மேல்தான் நிற்கிறது. கதைகளிலோ கண்டெடுக்கப்பட்ட மான்கள்தான் சாட்சிக்கு வருகின்றன. காட்டுக்குள் போய்ச் செத்த மானுக்கு வக்கீல் கிடையாது.

இந்த இலக்கியத்தில் எனக்கு மிகவும் பிடித்த கதை இரண்டு பேரில் ஒருவருடையதும் அல்ல. ஆரிகன் மாநிலத்தில் லாரித் தொழில் நடத்திய ஜான் நாஸ்லர் என்பவர் 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் .300 ஹாலண்டு மாக்னம், நல்ல துப்பாக்கி. உடம்பெல்லாம் சேறு அப்பிய ஒரு பெரிய மூஸைக் கிட்டத்தில் நின்று சுட்டார். விழவில்லை. மறுபடி சுட்டார், மறுபடியும் நின்றது. ஒருவழியாக வீழ்த்தியபின் பார்த்தால், குண்டுகள் சேற்றிலும் தோலிலுமே சிதறி ஆழம் போகாமல் நின்றிருந்தன. அந்த மனிதர் ஊர் திரும்பி அடுத்த கட்சியில் சேரவில்லை. பெரிய துப்பாக்கியும் வாங்கவில்லை. குண்டையே திருத்தினார். செம்பு உறைக்கு நடுவில் ஒரு சுவர் எழுப்பி முன்னறை, பின்னறை என்று பிரித்தார். இரண்டிலும் ஈயம். முன்னறை நாய்க்குடையாக விரியும். சுவருக்குப் பின்னால் உள்ள அறை சிதறாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். முன்பாதி ஓகானர், பின்பாதி கீத் என்று எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. 1948-ல் விற்பனைக்கு வந்த அந்தப் 'பார்ட்டிஷன்' குண்டு இன்றும் விற்கிறது. நாஸ்லரின் கதை நம்பும்படி இருப்பதற்குக் காரணம், அவர் தோற்றதிலிருந்து அது தொடங்குகிறது. சேறு பூசிய ஒரு மூஸின் அவஸ்தைக்கு அவர் பதில் சொல்ல வேண்டியவராக உணர்ந்திருக்கிறார்.

மூன்று பேருமே எழுதாமல் விட்ட ஓர் அத்தியாயமும் உண்டு. வேட்டைக்காரன் இறைச்சியை எடுத்துக்கொண்டு போனபின் குடலும் மிச்சமும் காட்டில் கிடக்கின்றன. சிதறிய ஈயத் துணுக்குகள் அவற்றோடு கிடக்கின்றன. அவற்றைத் தின்னும் கழுகுகள் நஞ்சேறிச் சாகின்றன. கலிபோர்னியாவின் கொண்டோர் என்ற பெரும் பிணந்தின்னிக் கழுகு 1982-ல் மொத்தம் 22தான் மிஞ்சியிருந்தது. ஈய நஞ்சு அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2019 ஜூலையிலிருந்து அந்த மாநிலத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது என்றாகிவிட்டது. 1980களின் கடைசியில் வந்த முழுச் செம்புக் குண்டு இப்போது அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. மூக்குக் குழியிலிருந்து நாலு இதழாக விரியும், எடை குறையாமல் உள்ளே போகும். மாட்டுக்குப் போட்ட டைக்குளோபினாக் மருந்தால் நம் பாறு கழுகுகள் மடிந்ததை அறிந்த நமக்கு இது புதிய பாடம் இல்லை. சுட்டவன் கதையை முடித்துவிட்ட இடத்துக்கு அப்புறமும் குண்டு வேலை செய்துகொண்டே இருக்கிறது.

ஓகானர் 1978-லும் கீத் 1984-லும் காலமானார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. அமெரிக்கர்கள் இன்றும் இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். யாரைப் படிக்கலாம் என்று என்னைக் கேட்டால் ஓகானரைத்தான் சொல்வேன். வேட்டையில் விருப்பமே இல்லாதவரும் ருசித்துப் படிக்கலாம். கீத்தையும் கொஞ்சம் படியுங்கள். படிக்கும்போது அவருடைய பெருமையைத் தள்ளிவிட்டு, அவர் யாருடைய தவறைத் துரத்திக்கொண்டு போகிறார் என்று மாத்திரம் பாருங்கள்.

வனக் காவலருக்கு நான் பதில் எழுதினேன். எங்கே பட்டது என்று எனக்குத் தெரியாது என்பதைத்தான் எழுத முடிந்தது. தொகுப்பின் இரண்டாம் பதிப்பில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். இப்போது மானுக்கு வயிற்றில் குண்டு படுகிறது. அது ஓடைவரை போகிறது. கதை இரண்டு பக்கம் நீண்டுவிட்டது. முன்பு பாராட்டிய நண்பர், அந்த இடத்தில் கதை தொய்கிறது என்று குறைப்படுகிறார். தொய்கிறதுதான். மான் தண்ணீருக்குப் போய்ச் சேர அவ்வளவு நேரம் ஆகிறது.